'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்பதன் பொருள் என்ன?

நான்-ஸ்டிக் தவாக்களின் அட்டைப்பெட்டியில் 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்னும் வாசகத்தைப் பலரும் பார்த்திருப்போம். இவ்வாசகம் பொய்யன்று, ஆயினும் முழு உண்மையையும் அது சொல்லிவிடுவதில்லை.

அழியாத பிணைப்பு

கார்பன், ஃபுளோரின் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு மிக வலிமையானது. அப்பிணைப்புகள் நிறைந்த பொருள்கள் நீரையும் எண்ணெயையும் ஒருங்கே விலக்கும், வெப்பத்தையும் தாங்கும். 1938இல் டூபான்ட் நிறுவன வேதியியலாளர் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த டெஃப்லான் இவ்வகையைச் சேர்ந்தது. மழை அங்கி, கறைபடாத கம்பளம், எண்ணெய் ஊறாத உணவுத்தாள், தீயணைப்பு நுரை எனப் பலவற்றில் இதன் உறவுப் பொருள்கள் இடம்பெற்றன. ஆயிரக்கணக்கான பொருள்களைக் கொண்ட இக்குடும்பத்தின் பொதுப்பெயர் பி.எஃப்.ஏ.எஸ்.

பயன் தந்த அதே வலிமையே கேடாகவும் முடிந்தது. மண்ணிலும் நீரிலும் இவை எளிதில் சிதைவதில்லை. உடலில் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ.வில் பாதி வெளியேறவே சில ஆண்டுகள் ஆகும்.

பார்க்கர்ஸ்பர்க் தந்த பாடம்

டெஃப்லான் தயாரிப்பில் துணைப்பொருளாகப் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ., அமெரிக்காவின் பார்க்கர்ஸ்பர்க் நகரை ஒட்டிய பகுதிகளின் குடிநீரில் கலந்தது. வழக்கறிஞர் ராப் பிலாட் தொடுத்த வழக்கு 2004இல் உடன்பாட்டில் முடிந்தது. அதன்படி அமைந்த அறிவியல் குழு, ஏறத்தாழ 69,000 பேரிடம் திரட்டிய தரவுகளின் துணையுடன் ஆராய்ந்து, சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு நோய் உள்ளிட்ட ஆறு நோய்நிலைகளுடன் இப்பொருளுக்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று முடிவு கூறியது. 2023இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, பி.எஃப்.ஓ.ஏ. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என அறிவித்தது.

சட்டம் ஒரு படி பின்னே

நிலைத்த கரிம மாசுகளைப் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, இக்குடும்பத்திலிருந்து பி.எஃப்.ஓ.எஸ்.ஸை 2009இலும், பி.எஃப்.ஓ.ஏ.வை 2019இலும், பி.எஃப்.எச்.எக்ஸ்.எஸ்.ஸை 2022இலும் தன் பட்டியலில் சேர்த்தது. இந்தியா 2006 முதல் இதன் உறுப்பு நாடு. எனினும் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பொருளையும் தனியே ஏற்றுக்கொண்டால்தான் அது நம்மைக் கட்டுப்படுத்தும்.

இவ்வாறு ஒவ்வொன்றாகப் பெயர் குறித்துத் தடுக்கும்போது, அதே குடும்பத்தின் வேறொரு பொருள் அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது. பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு மாற்றாக வந்த ஜென்எக்ஸ், அமெரிக்காவின் கேப் ஃபியர் ஆற்று நீரில் கலந்திருப்பது 2017இல் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. எனவே, முழுக் குடும்பத்தையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் முன்மொழிவை 2023இல் ஜெர்மனி உள்ளிட்ட ஐந்து ஐரோப்பிய நாடுகள் அளித்தன. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2025 தொடக்கம் முதல், பி.எஃப்.ஏ.எஸ். சேர்க்கப்பட்ட சமையல் பாத்திரங்களின் விற்பனையைத் தடை செய்துள்ளது.

நாம் செய்யத்தக்கவை

* 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்றால் அந்த ஒரு பொருள் இல்லை என்பதே பொருள். தவாவின் பூச்சு டெஃப்லான் வகையாயின், அதுவும் பி.எஃப்.ஏ.எஸ். குடும்பத்தைச் சேர்ந்ததே.
* அத்தகைய தவாவை வெறுமனே அடுப்பில் காயவிடலாகாது. சுமார் 260 டிகிரி செல்சியசுக்கு மேல் பூச்சு சிதையத் தொடங்கும்.
* இரும்புத் தோசைக்கல்லும் எவர்சில்வர் பாத்திரமும் இத்தகைய பூச்சின்றியே பயன்படுபவை.

பொருளை வாங்குமுன், பெட்டியின்மேல் எது இல்லை என்று எழுதியிருக்கிறது என்பதோடு, எது இருக்கிறது என்றும் கேட்டறிவது நலம்.