'வட சென்னை' வந்து இத்தனை வருஷமாச்சு... ரசிகர்கள் ஏன் இன்னும் விடவில்லை?

தனுஷ் மேடை ஏறினால் போதும், கூட்டத்திலிருந்து யாராவது 'வட சென்னை 2 எப்போ?' என்று கத்திவிடுவார்கள். வெற்றிமாறன் வேறொரு படத்தைப் பற்றி எவ்வளவு சீரியஸாகப் பேசினாலும் கடைசிக் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். தமிழில் பார்ட் 2 அறிவித்து வராமல் போன படங்கள் நிறைய உண்டு. பெரும்பாலானவற்றை யாரும் தேடுவதில்லை. இந்த ஒரு படத்தை மட்டும் ஏன் விடாமல் கேட்கிறார்கள்?

2018 அக்டோபர் 17, ஆயுதபூஜை லீவுக்கு முந்தின நாள், 'வட சென்னை' ரிலீஸ். அது தமிழ் சினிமாவுக்கு செம சீசன். 'பரியேறும் பெருமாள்', '96', 'ராட்சசன்' மூன்றும் மூன்று வாரத்துக்குள் வந்திருந்தன. அடுத்த நாளே 'சண்டக்கோழி 2'. அந்தக் கூட்டத்தில், 'ஏ' சான்றிதழோடு, இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் ஒரு கேங்ஸ்டர் படம் வந்து உட்கார்ந்தது.

முதல் காட்சியில் நாலு பேர் ஒரு ஹோட்டலில் இருக்கிறார்கள். ஒரு கொலை நடந்து முடிந்திருக்கிறது. செத்தது யார் என்று படம் சொல்லாது. குணா, செந்தில், வேலு, ஜாவா பழனி என அந்த நாலு பேரும் பிறகு எதிரும் புதிருமாகப் பிரிகிறார்கள். நடுவில் கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன் அன்பு (தனுஷ்) மாட்டுகிறான். செத்தவன் ராஜன் (அமீர்) என்பதும், குணாவின் மனைவியாக நாம் பார்த்துக்கொண்டிருந்த சந்திரா (ஆண்ட்ரியா) உண்மையில் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்பதும் இரண்டாம் பாதியில்தான் உடைகிறது. இந்த இடத்தில்தான் படம் இரண்டாவது முறை பார்க்க வைக்கிறது. முதல் தடவை 'இவர் யாரு, அவர் யாரு?' என்று குழம்பியவர்கள்கூட, அடுத்த முறை சந்திராவின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விமர்சனங்கள் பெரும்பாலும் பாராட்டின. ஜெயில் காட்சிகள், சந்தோஷ் நாராயணனின் இசை, வேல்ராஜின் கேமரா எல்லாம் பேசப்பட்டன. குறையும் சொன்னார்கள்: கேரக்டர்கள் அதிகம், காலம் முன்னும் பின்னும் தாவுகிறது, கெட்ட வார்த்தை ஜாஸ்தி. குடும்பத்தோடு தியேட்டருக்குப் போகும் படம் இல்லை என்பது உண்மைதான். 'ஏ' படத்தை அப்படியே டிவியில் ஒளிபரப்பவும் முடியாது. அதனால் இந்தப் படத்தின் இரண்டாவது வாழ்க்கை செல்போனில்தான் நடந்தது. சீன் சீனாக வெட்டி ரீல்ஸ் போட்டார்கள், ராஜன் ஸ்டேட்டஸ் ஆனார். படம் வந்தபோது ஸ்கூலில் படித்தவர்களும் இன்று பார்ட் 2 கேட்பதற்கு இதுதான் காரணம்.

கொண்டாட்டத்துக்கு நடுவில் வந்த கோபம்

படம் வந்த சில நாட்களிலேயே காசிமேடு பக்கமிருந்து எதிர்ப்பு வந்தது. ராஜனும் சந்திராவும் படகில் நெருக்கமாக இருக்கும் ஒரு காட்சி மீனவர்களைப் புண்படுத்துகிறது என்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். படகைத் தண்ணீரில் இறக்கும் முன் பூஜை போடுகிறவர்கள் அவர்கள். தொழிலுக்குப் போகும் வீட்டில் படகு என்பது சோறு, சாமி இரண்டும்.

இன்னொரு புகார் அதைவிடப் பெரியது: எங்களை ரவுடிகளாகவே காட்டுகிறீர்கள். வெற்றிமாறன் வீடியோ வெளியிட்டு வருத்தம் தெரிவித்தார். அந்தப் படகுக் காட்சி நீக்கப்பட்டது. முதல் புகார் அதோடு முடிந்தது. இரண்டாவது புகாரைக் கத்தரி போட்டுத் தீர்க்க முடியாது.

ஏனென்றால் அது ஒரு படத்தின் மீதான புகார் மட்டுமல்ல. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று பெயர் சொன்னாலே சினிமாவில் லுங்கி, கத்தி, கஞ்சா என்று ஒரு செட் ரெடியாக இருக்கும். காமெடி சீனில்கூட அந்த மெட்ராஸ் பாஷை பேசுபவர் திருடனாக இருப்பார். அந்த ஏரியா அட்ரஸை வேலைக்கான அப்ளிகேஷனில் எழுதும் இளைஞருக்கு இதன் விலை தெரியும். பா.இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) அந்தப் பிம்பத்தில் ஒரு விரிசல் விட்டது. ஃபுட்பால் ஆடும், படிக்கும், ஐ.டி வேலைக்குப் போகும் பசங்களைக் காட்டியது. 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' குத்துச்சண்டையைக் காட்டியது. 'வட சென்னை' இந்த இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் சங்கடமான இடத்தில் நிற்கிறது. கத்தி இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் கத்தி ஏன் வந்தது என்ற கேள்வியும் இருக்கிறது.

சண்டை எதற்காக?

ரீல்ஸில் அதிகம் வராத பகுதி இது. ராஜன் கடத்தல்காரர்தான். ஆனால் கதையில் அவர் மோதுவது, ரோடு போடுகிறோம் என்று குப்பத்தைக் காலி செய்யச் சொல்பவர்களோடு. பல வருஷம் கழித்து அதே ரோடு, அதே காலி செய்யும் பேச்சு திரும்ப வருகிறது. ராஜனைக் கொன்ற குணா அப்போது மறுபக்கம் நிற்கிறார், கேரம் பையன் அன்பு ஊர் ஜனங்களோடு நிற்கிறான். படத்தின் கடைசிப் பகுதி முழுக்க இந்த நிலச்சண்டைதான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தடவை போனவர்களுக்கு இது கதையாகத் தெரியாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அனல்மின் நிலையங்கள், கொடுங்கையூர் குப்பைக்கிடங்கு எல்லாம் நகரத்தின் இந்தப் பக்கம்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தபோது படகும் வலையும் நாசமாகி உட்கார்ந்தவர்கள் இதே மீனவர்கள். நகரத்துக்கு மின்சாரம் தேவை, துறைமுகம் தேவை. அதற்கான இடம் மட்டும் எப்போதும் இங்கேயே கிடைக்கிறது.

கேரமும் சும்மா ஹீரோயிசத்துக்காகச் சேர்த்த ஐட்டம் இல்லை. 2008-ல் பெண்கள் பிரிவில் உலக சாம்பியனான இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டை, ஆட்டோ டிரைவரின் மகள். காசிமா ஜெயித்தபோது சோஷியல் மீடியாவில் பலர் 'ரியல் வட சென்னை' என்று எழுதினார்கள். பாராட்டுதான். ஆனாலும் ஒரு உலக சாம்பியனை அடையாளம் காட்ட ஒரு கேங்ஸ்டர் படத்தின் பெயர் தேவைப்பட்டது.

சரி, பார்ட் 2 என்னதான் ஆச்சு?

மூன்று பாகங்களாகச் சொல்லப்போவதாகத்தான் பேச்சு. ஆனால் வெற்றிமாறன் அடுத்த வருஷமே 'அசுரன்' பக்கம் போனார். பிறகு 'விடுதலை' 2023, 2024 என இரண்டு பாகங்களாக வந்தது. நடுவில் ராஜனின் கதை மட்டும் தனியாக வரும் என்றொரு செய்தி கிளம்பி அடங்கியது.

2025-ல்தான் உருப்படியாக ஒரு அப்டேட் வந்தது. சிலம்பரசன் நடிக்க, கலைப்புலி எஸ்.தாணு தயாரிக்க, அனிருத் இசையில் 'அரசன்' அறிவிக்கப்பட்டது. இது 'வட சென்னை 2' இல்லை, ஆனால் அதே உலகத்தில் நடக்கும் கதை என்று வெற்றிமாறன் விளக்கினார். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. 'வட சென்னை' முதலில் பேச்சில் இருந்த காலத்தில் ஹீரோவாக அடிபட்ட பெயர் சிலம்பரசன்தான். ராஜன் ரோலுக்கு விஜய் சேதுபதி பேசப்பட்டு, கால்ஷீட் ஒத்துவராமல் அமீர் வந்தார். இன்று அமீர் இல்லாத ராஜனை யாராலும் நினைக்க முடியாது என்பது வேறு விஷயம்.

அன்புவின் கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதைத் தொடர நினைத்தாலும் ஒரு கேரக்டரை இனி கொண்டுவர முடியாது. 'பொல்லாதவன்' காலத்திலிருந்து வெற்றிமாறனோடு வந்து, இதில் ராஜனின் ஆளான தம்பியாக நடித்த டேனியல் பாலாஜி 2024 மார்ச்சில் மாரடைப்பால் காலமானார். அன்று இரவே பலருடைய ஸ்டேட்டஸில் வந்தது தம்பி அன்புவிடம் பேசும் அந்த சீன்தான்.