எந்த டம்ளர்?

"ஏனுங் சார், நீங்க சொன்ன மாதிரிதானுங் ஊத்துனேன். நாத்தெல்லாம் கருகிப் போச்சுங்."

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு இது. அனுப்பியவர் பல்லடம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் பெண். அப்பா விட்டுப்போன அரை ஏக்கரில் நஞ்சில்லாமல் தக்காளி வைக்க வேண்டும் என்று எங்கள் உழவர் குழுவின் இணையவழி வகுப்பில் சேர்ந்தவர். அந்தப் பாடத்தைத் தயாரித்தவன் நான்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கம்பெனி வேலைக்காரர்கள். ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கும், நேரம் இருக்காது. ஒரு வாரம் வருவார்கள், அடுத்த வாரம் ஷிப்மென்ட் என்று நின்றுவிடுவார்கள். "போனிலேயே பாடம் போட்டா என்னங்க?" என்று யாரோ கேட்டார்கள். வங்கியில் பவர்பாயிண்ட் போட்டுப் பழகியவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் பாடம் மண். அங்ககக் கரிமத்தில் தொடங்கி மண்புழு, கார அமிலத் தன்மை, நொய்யல் கதை என்று 50 நிமிடம் பேசினேன். எனக்கே கைதட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஏழெட்டு நிமிடத்தோடு போய்விட்டார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி எட்டரை. அதற்கப்புறம் சோறாக்கி, பிள்ளையைத் தூங்கவைத்து, என் முகத்தை ஒரு மணி நேரம் எவர் பார்ப்பார்? பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக் கேட்கிற மாதிரி இருந்தால் பரவாயில்லை என்றார்கள்.

வங்கிக்காரர்கள் மத்தியில் அந்தக் காலத்தில் பேசப்பட்ட தேனிக் கதை அப்போது நினைவுக்கு வந்தது. 2008 வாக்கில் அங்கே 'விடியல்' அமைப்பைச் சேர்ந்த 300 பெண்கள் ஆடு வளர்க்கக் கடன் வாங்கினார்கள். அந்தக் கடனில் ஆளுக்கு 9 பெட்டை ஆடு, 1 கிடா, கூடவே ஒரு செல்போன். ஆட்டுக் கடனில் செல்போனா என்று என்னைப் போன்றவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் போன்தான் பள்ளிக்கூடம். கனடாவிலிருந்து இயங்கும் காமன்வெல்த் ஆப் லேர்னிங், உழவர்களின் வாழ்நாள் கல்விக்காக நடத்திய திட்டம் அது. ஆடு வளர்ப்பைப் பற்றிச் சின்னச் சின்னக் குரல் செய்திகள், ஒரு நாளைக்குச் சில என்று போனுக்கு வரும். எழுத்துத் தெரியாதவரும் கேட்கலாம். அதற்கும் முன்னால், 1960களில் வானொலி கேட்டுத் தஞ்சைப் பக்கம் பரவிய ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர். காதுவழிப் பாடம் நமக்குப் புதுசில்லை.

ஆக 50 நிமிடத்தைத் தூக்கிப் போட்டேன். ஒரு பாடத்தில் ஒரே வேலை, ஐந்தே நிமிடம், குரல் மட்டும். எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில்தான் மீன் அமிலப் பாடம் போட்டேன்.

பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி. இதுதான் சொல்லியிருக்க வேண்டியது. மில்லிக் கணக்கு பார்க்க யாரிடம் அளவுக் குவளை இருக்கிறது, பேச்சுத் தமிழில் சொல்வோமே என்று "ஒரு டம்ளர்" என்று சொல்லிவிட்டேன். என் மனதில் இருந்தது எங்கள் வீட்டுக் காபி டம்ளர். அவர் எடுத்தது தண்ணி குடிக்கிற பெரிய எவர்சில்வர் டம்ளர். பிறகு அளந்து பார்த்தோம், 300 மில்லி பிடிக்கிறது. சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும் என்பதையும் ஐந்து நிமிடத்துக்குள் அடக்குகிற அவசரத்தில் வெட்டியிருந்தேன். அவருக்கு ஞாயிறு மட்டுமே லீவு, துணி துவைத்து முடித்து நண்பகல் வெயிலில் தெளித்திருக்கிறார்.

நேரில் பாடம் எடுக்கும்போது இப்படி ஆகாது. டம்ளர் என் கையில் இருக்கும், எல்லோரும் பார்ப்பார்கள். கேட்க மறந்தாலும் பக்கத்தில் ஒரு பெரியவர் "வெயில்ல அடிச்சறாதீங்க" என்று சொல்லிவிடுவார். போனில் அந்தப் பெரியவர் இல்லை.

அடுத்த ஞாயிறு குழித்தட்டு நாற்றோடு அவர் காட்டுக்குப் போனேன். நாற்றுக் காசு எவ்வளவு என்று கேட்டார், பாதியாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று விடாப்பிடியாகக் கொடுத்தார். கருகின பாத்தியைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னார்: "கம்பெனில சாம்பிள் ஓகே ஆகாம ஒரு பீஸ்கூட ஓட்ட மாட்டமுங் சார். நீங்க ஏனுங் அதச் சொல்லல?"

32 வருடம் கடன் விண்ணப்பங்களில் ஓட்டை கண்டுபிடித்தவன் நான். பதில் வரவில்லை.

இப்போது எங்கள் பாடங்களில் தெளிக்கிற சமாச்சாரம் எது வந்தாலும் முதலில் சாம்பிள்: ஓரத்தில் நாலே செடிக்கு அடித்துவிட்டு இரண்டு நாள் பொறுத்து, இலையைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த பாடம். இதனால் வகுப்பு மெதுவாகத்தான் போகிறது, இரண்டு பேர் சலித்து விலகியும் விட்டார்கள். மாதம் ஒரு ஞாயிறு காட்டில் கூடுவதையும் மறுபடி ஆரம்பித்துவிட்டோம். ஜீவாமிர்தம் தயாராகிவிட்டதா, கெட்டுவிட்டதா என்பதை மூக்கால்தான் சொல்ல முடியும். அந்தப் பாடத்தைப் போனில் ஏற்ற மூன்று முறை முயன்று விட்டுவிட்டேன்.

மீன் அமிலப் பாடத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்தோம். இந்த முறை பேசியிருப்பது அவர்தான். கருகின கதையையும் சொல்லட்டுமா என்று கேட்டார், சொல்லுங்கள் என்றேன்.

அடுத்த வகுப்பு ஆடி 18 கழிந்து தொடங்குகிறது. சேருகிறவர்கள் வீட்டில் புழங்குகிற டம்ளரை எடுத்து வையுங்கள். அதில் எத்தனை மில்லி பிடிக்கும் என்று அளப்பதுதான் முதல் பாடம்.