சிறுநீரகம் மாற்றியவர் மருந்துக்கடைக்குப் போகும்போது

மயிலம் கூட்டுரோட்டில் பஸ் ஏறினால் ஒரு பக்கம் புதுச்சேரி ஜிப்மர், மறுபக்கம் திண்டிவனம் வழியாகச் சென்னை. இரண்டு ஊர்களிலும் சிறுநீரக மாற்று அறுவை நடக்கிறது. 1971-இல் வேலூர் சி.எம்.சி.யில் வெற்றி கண்ட அறுவை அது. இன்று முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் செய்துகொள்ளலாம். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்து இணைக்கிறார்கள்.

என் கவலையெல்லாம் வீடு திரும்பிய பிறகு நடப்பதைப் பற்றித்தான்.

எத்தனை வருடம் ஆனாலும் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை வேற்றுப் பொருளாகவே பார்க்கும். அதைத் தாக்கவிடாமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பவை டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசோலோன் போன்ற மாத்திரைகள். இதில் டாக்ரோலிமஸ் பொல்லாதது. ரத்தத்தில் குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கும். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெரும்பாலோருக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு வேளை. கடிகாரம் பார்த்துத்தான் போட வேண்டும். பரிசோதனை நாளில் மட்டும் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். முந்தைய வேளை மருந்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்றுதான் மருத்துவர் பார்க்கிறார். மாத்திரையைப் பையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்த கையோடு விழுங்குங்கள்.

நாற்று நட்டு இடுப்பு வலித்தால் கடையில் ஒரு வலி மாத்திரை கேட்பது நம் வழக்கம். டைக்ளோபினாக், ஐபுபுரூபென் இரண்டுமே மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஆகாது. சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், படைக்குக் கொடுக்கும் புளூகோனசோல் ஆகியவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிபாம்பிசினும் வலிப்புக்கான பெனிடாயினும் இறக்கிவிடும். பம்பளிமாஸ் பழமும் வேண்டாம். வயிற்றுப்போக்கு கண்டாலும் மருந்தின் அளவு ஏறலாம்; நீர் வற்றிச் சிறுநீரகமும் தவிக்கும். சாதாரணப் பேதிதானே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகன் கோயில் மலையேறலாமா என்று கேட்பார்கள். முதல் சில மாதங்கள் கூட்டம் வேண்டாம். பிறகு மருத்துவர் சரியென்றால், முகக்கவசம் போட்டுப் போகலாம். விரதம் என்று மாத்திரையையும் தண்ணீரையும் நிறுத்தாதீர்கள். முருகன் அதைக் கேட்கவில்லை.

காய்ச்சல், சிறுநீர் குறைதல், கால் வீக்கம், அடிவயிற்றில் புதுச் சிறுநீரகம் இருக்கும் இடத்தில் வலி: எது வந்தாலும் அன்றைக்கே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். அவசரத்துக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கே போக நேர்ந்தாலும், பேரைச் சொல்லும்போதே “எனக்குக் கிட்னி மாத்தியிருக்கு” என்று சொல்லி மாத்திரைச் சீட்டை நீட்டிவிடுங்கள்.