பழைய காரின் காபரேற்றர்: திருத்துவதா, மாற்றுவதா?

லோசானில் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து 1960களின் மொரிஸ் மைனர் கார் ஒன்றை வைத்துப் பராமரித்து வருகிறோம். யாழ்ப்பாணத்தில் ஏ-40, மொரிஸ் மைனர் கார்களில் நெருக்கியடித்துக் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் போன தலைமுறைக்கு இந்த ஆசை ஏன் என்று விளக்கத் தேவையில்லை. குளிர்காலம் முடிந்து வெளியே எடுத்தபோது கார் சிவப்பு விளக்கில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் அணைந்தது. ஓடும்போது பெற்றோலை அள்ளிக் குடித்தது. காட்டிய கராஜில், "காபரேற்றர் தேய்ந்துவிட்டது, புதிது போடுங்கள்" என்றார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1987 ஒக்டோபரில் சுவிற்சர்லாந்து புதிய கார்களுக்குக் கடுமையான புகை விதிகளைக் கொண்டுவந்த பிறகு காபரேற்றர் இங்கே வேகமாக மறைந்தது. இன்றைய இளம் மெக்கானிக்குகளில் பலர் அதைக் கழற்றிப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனால் எது தேய்ந்தது என்று தெரியாமல் முழுவதையும் மாற்றுவது, எந்தப் பதிவு பிழை என்று பாராமல் பேரேட்டையே எறிவது போன்றது. எனவே முதலில் கழற்றிப் பார்த்தோம்.

காபரேற்றர் செய்வது என்ன?

ஒரு கிலோ பெற்றோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கணக்கை மின்னணு மூளை எதுவும் இல்லாமல் சரிக்கட்டுவதுதான் காபரேற்றரின் வேலை. ஒடுங்கிய வழியால் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது; அந்தக் குறைவு பெற்றோலை உறிஞ்சி எடுக்கிறது. இந்த விதியை 1738இல் நூலாக வெளியிட்டவர் பாசல் நகரத்துக் குடும்பத்தைச் சேர்ந்த டானியல் பெர்னூலி. அவருடைய முன்னோரும் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி அன்ட்வேர்ப்பிலிருந்து ஓடிவந்த அகதிகள்தான்.

மொரிஸ் மைனரில் இருப்பது எஸ்.யூ. காபரேற்றர். அதனுள் ஒரு பிஸ்டன் காற்றின் அளவுக்கேற்ப மேலும் கீழும் போகும். பிஸ்டனின் அடியில் கூம்பிய ஊசி ஒன்று ஜெற் எனப்படும் துவாரத்துக்குள் இறங்கி நிற்கும். பிஸ்டன் உயர உயர ஊசியின் மெல்லிய பகுதி துவாரத்தில் நிற்பதால் கூடுதல் பெற்றோல் வரும். தேய்வது பெரும்பாலும் மூன்று இடங்களில்: ஊசியும் ஜெற்றும், மிதவைக் கிண்ணத்தின் வால்வு, அக்சிலேற்றரை மிதிக்கும்போது திரும்பும் துரொட்டில் அச்சு.

ஒன்றை ஒன்று மறைத்த பிழைகள்

எங்கள் காரில் துரொட்டில் அச்சு ஆடியது. ஆடிய இடைவெளியால் களவாகக் காற்று உள்ளே போனது. யாரோ முன்பு அதைக் கவனியாமல், ஜெற்றின் கீழுள்ள நட்டைத் திருகிப் பெற்றோலைக் கூட்டிவிட்டிருந்தார்கள். நின்ற இடத்தில் இரண்டும் சமப்பட்டுக் கார் கொஞ்சக் காலம் நன்றாகவே இயங்கியிருக்கும். ஆனால் வீதியில் ஓடும்போது அந்தக் களவுக் காற்றின் பங்கு அற்பம். கூட்டிய பெற்றோலோ அப்படியே இருக்கும். பிளக்குகள் கரி படிந்து கறுத்துப் போயிருந்தன. அச்சு மேலும் தேய்ந்தபோது நின்ற இடத்துச் சமநிலையும் குலைந்தது.

வர்த்தகம் படித்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. இதற்கு ஈடுசெய் வழு என்று பெயர். ஒரு பிழையை இன்னொரு பிழை சமன் செய்வதால் பரீட்சை மீதி பொருந்தும், கணக்கு மட்டும் பிழையாகவே இருக்கும்.

இதே பாடத்தை நாங்கள் ஊரிலும் படித்தோம். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. வாகனங்கள் மண்ணெண்ணெய்யில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலைக் கொஞ்சம் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஒயிலில் கலந்தது. அளவுகோலை இழுத்துப் பார்த்து, "ஒயில் குறையவேயில்லை" என்று சந்தோசப்பட்டவர்கள் உண்டு. எரிந்துபோன ஒயிலின் இடத்தை மண்ணெண்ணெய் நிரப்பியிருந்தது. அந்தக் கடனைக் கடைசியில் எஞ்சினின் பெயாரிங்குகள் கட்டின. அன்று எங்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. இன்று இருக்கிறது.

செய்ய வேண்டிய ஒழுங்கு

முதலில் பிளக், பொயின்ற் இடைவெளி, வால்வு இடைவெளி மூன்றையும் சரிபாருங்கள். காபரேற்றரின் தலையில் போடப்படும் குற்றங்களில் பல தீப்பொறியின் குற்றங்கள். பிறகு துரொட்டில் அச்சை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்.

கழற்ற முன் பற்றரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். திறந்த வெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்து வேலை செய்யுங்கள். பிஸ்டனும் அதன் மூடியும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகக் கடையப்பட்டவை. வேறு காபரேற்றரின் மூடியை மாற்றிப் போடவோ மண்தாளால் தேய்க்கவோ கூடாது. ஊசி, ஜெற், மிதவை வால்வு, காஸ்கெற் எல்லாம் திருத்தற் பொதியாக வாங்கலாம். விலை புதிய காபரேற்றரின் விலையில் சிறு பங்குதான். அச்சோடு அது திரும்பும் துளையும் தேய்ந்திருந்தால் கடைசல் பட்டறையில் கொடுத்துப் புஷ் போட வேண்டும். துரொட்டில் தட்டைப் பிடிக்கும் இரு சிறு ஆணிகளுக்கும் புதியவை போட்டு, நுனியை விரித்துவிடுங்கள். அவை கழன்றால் எஞ்சின் விழுங்கிவிடும். பழைய இறப்பர்க் குழாய்களையும் மாற்றுங்கள். எதனோல் கலந்த பெற்றோல் அவற்றை அரிக்கும்.

பூட்டிய பின் பிஸ்டனை உயர்த்தி விட்டால் "டக்" என்ற சத்தத்துடன் விழ வேண்டும். விழாவிட்டால் ஜெற் நடுவில் இல்லை. எஞ்சின் நன்கு சூடானதும் பிஸ்டனை ஏறக்குறைய 0.8 மில்லிமீற்றர் உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு. சற்றே கூடித் தணிந்தால் சரி. ஒரு விடயம்: லெமான் ஏரி கடல்மட்டத்திலிருந்து 372 மீற்றர், ஷலே-அ-கொபே அதைவிட ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். அங்கே காற்று ஐதாவதால் பெற்றோல் சற்று அதிகமாகத் தெரியும். அதற்காக மேலே வைத்து நட்டைத் திருகாதீர்கள்.

எப்போது மாற்றலாம்?

உடல் வெடித்திருந்தால், அல்லது பட்டறைச் செலவு புதியதின் விலையை நெருங்கினால் மாற்றுவதே சரி. எஸ்.யூ. காபரேற்றர்களை இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். ஆனால் அதே வகையையே வாங்குங்கள். சுவிஸ் சட்டத்தில் முதன்முதலில் பதிவாகி 30 ஆண்டு கடந்த கார், மூல அமைப்பில் நல்ல நிலையில் இருந்தால்தான் "வெற்றறன்" பதிவு பெறலாம். அப்போது கட்டாயப் பரிசோதனை 6 ஆண்டுக்கு ஒருமுறைதான். அந்தக் கார் தனிப்பட்ட பாவனைக்கு மட்டுமே உரியது. எனவே கலியாண ஊர்வலத்துக்குப் பிள்ளைகளை அன்பாக ஏற்றிச் செல்லலாம், காசுக்கு வாடகைக்கு விட முடியாது.

எங்கள் கார் ஒரு புதிய அச்சோடும் இரண்டு புஷ்ஷோடும் திருந்திவிட்டது. பழுதான பாகங்களை ஒரு ரின்னில் போட்டு வைத்திருக்கிறோம். இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்டால், தேய்ந்த அச்சைப் பழைய துளையில் செருகி ஆட்டிக் காட்டுகிறோம். அதற்குப் பிறகுதான் மண்ணெண்ணெய்க் கதை. இப்போது அவர்களுக்கு அது விளங்குகிறது.