டேங்க் நிறைந்தால் நிற்கும் எஞ்சின்

எங்கள் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர் பாம்பன் பக்கத்துக்காரர். விடுமுறை முடிந்து திரும்பியவர், செய்முறைக் கூடத்தில் ஒரு நாள் என்னிடம் ஒரு புதிரைப் போட்டார்.

"சார், எங்க அப்பா வள்ளத்துல எஞ்சின் நல்லாத்தான் ஓடுது. ஆனா டேங்க் நிறைய டீசல் ஊத்திக்கிட்டுப் போற அன்னைக்கு மட்டும் பாதி வழியில திணறி நின்னுடுது. கொஞ்ச நேரம் கழிச்சுச் சுத்தினா மறுபடி ஓடுது. பாதி டேங்கோட போனா ஒண்ணும் ஆகறதில்லை. நாசிலை மாத்திப் பாத்தாச்சு, பம்பைப் பிரிச்சுப் பூட்டியாச்சு. சரியாகலை."

எரிபொருள் தீர்ந்தால் எஞ்சின் நிற்பது உலக வழக்கம். நிறைந்திருக்கும்போது நிற்பானேன்?

இது சிரித்துவிட்டுப் போகும் புதிர் அன்று. சாலையில் லாரி நின்றால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஆளைத் தேடலாம். கடலில் எஞ்சின் நின்றுபோன படகு, காற்றும் நீரோட்டமும் இழுக்கும் பக்கம் போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, இராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடாவில் நிற்கும் படகை வடகிழக்கே, அதாவது கச்சத்தீவுப் பக்கம் தள்ளும். 1974-இல் இந்தியாவும் இலங்கையும் வகுத்துக்கொண்ட கடல் எல்லை அங்கேதான் செல்கிறது. நீரின்மேல் கோடு ஏதும் தெரியாது. எஞ்சின் பழுதானதால் எல்லையைக் கடந்துவிட்டோம் என்று மீனவர்கள் சொல்வதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

மாணவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குக் கன்னிவாடியில் என் மாமாவின் தோட்டத்துக் கிணறு நினைவுக்கு வந்தது. மலையடிவார ஊரான கன்னிவாடிக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். ஒற்றை உருளை டீசல் எஞ்சின், கிணற்று மேட்டில் பம்பைச் சுழற்றினாலும் வள்ளத்தில் விசிறியைச் சுழற்றினாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். 1990-களில், நான் சிறுவனாக இருந்தபோது, மாமாவின் ஆயில் எஞ்சினும் ஒரு வாரம் இதே சேட்டையைச் செய்தது. தண்ணீர் மிளகாய்ப் பாத்தியை எட்டுவதற்குள் நின்றுவிடும். மாமா டேங்க் மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்ப்பார், நிறையவே இருக்கும். மூடிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் உடனே ஓடத் தொடங்கும்! எட்டாம் நாள் மூடியைத் துடைக்கும்போதுதான் குற்றவாளி அகப்பட்டது. மூடியில் இருந்த சிறு துளையைக் குளவி ஒன்று மண் வைத்து அடைத்திருந்தது.

சமையல் எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுச் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் தொடர்ந்து வராது. விட்டுவிட்டுக் குபுக் குபுக்கென்று வரும். எதிர் மூலையில் இன்னொரு துளை போட்டால் கம்பியாக இறங்கும். வெளியேறும் எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும் அல்லவா? டேங்க் மூடியிலுள்ள துளை அந்த இரண்டாவது துளைதான். அது அடைபட்டால், டீசல் இறங்க இறங்க உள்ளே சிறைப்பட்ட காற்று விரிந்து அழுத்தம் குறையும். குழாயின் மறுமுனையிலோ வெளிக்காற்றின் அழுத்தம் குறையாமல் நிற்கிறது. ஒரு கட்டத்தில் டீசல் இறங்க மறுத்துவிடும்.

எந்தக் கட்டத்தில்? ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.

வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீர்த் தம்பத்தைத் தாங்கும். டீசல் நீரைவிட இலேசானது; ஆகவே டீசலானால் சுமார் 12 மீட்டர். டேங்க், எஞ்சினின் பம்புக்கு அரை மீட்டர் மேலே இருப்பதாகக் கொள்வோம். அரை மீட்டர் என்பது 12 மீட்டரில் 24-இல் 1 பங்கு. எனவே டேங்கிலுள்ள காற்றின் அழுத்தம் 24-இல் 1 பங்கு குறைந்தாலே போதும், டீசல் தானாக இறங்குவது நின்றுவிடும். 1662-இல் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதிப்படி, அழுத்தம் அவ்வளவு குறையக் காற்று தன் பருமனில் 23-இல் 1 பங்கு கூடுதலாக விரிய வேண்டும்.

இனி வள்ளத்துக்கு வருவோம். 40 லிட்டர் டேங்கில் 36 லிட்டர் டீசல் ஊற்றியிருந்தால் மேலே இருக்கும் காற்று 4 லிட்டர். அதில் 23-இல் 1 பங்கு சுமார் 175 மில்லிலிட்டர். மணிக்கு 2 லிட்டர் குடிக்கும் எஞ்சின் அவ்வளவு டீசலை 5 நிமிடத்தில் முடித்துவிடும்! அதே டேங்கில் 17 லிட்டர் டீசல் மட்டும் இருந்தால் காற்று 23 லிட்டர்; 1 லிட்டர் செலவான பிறகே தகராறு தொடங்கும். அதற்கு அரை மணி நேரம் ஆகும். பம்பு தானும் சற்று உறிஞ்சுவதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும். ஆனால் கணக்கு காட்டும் போக்கு மாறாது. டேங்க் நிறைய நிறைய, நிற்கும் நேரம் நெருங்குகிறது.

நான் மாணவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். வலை போட்ட இடம் எவ்வளவு தூரம்? "இருபது நிமிஷ ஓட்டம் சார். அங்கே போனதும் எஞ்சினை அமத்திடுவாங்க." மூடியின்மேல் ஏதாவது கட்டியிருக்கிறீர்களா? "அலைத்தண்ணி உள்ளே போகக் கூடாதுன்னு பாலிதீன் தாளை வச்சு டியூப் ரப்பரால இறுக்கிக் கட்டியிருக்கோம்."

புதிர் ஏறத்தாழ அவிழ்ந்துவிட்டது. பாதி டேங்கோடு போனால், அழுத்தம் போதிய அளவு இறங்குவதற்குள் வலைக்குப் போய்ச் சேர்ந்து எஞ்சினை நிறுத்திவிடுகிறார்கள். வலை இழுத்து முடிப்பதற்குள் ரப்பர்க் கட்டின் இடுக்கு வழியே காற்று மெல்லக் கசிந்து உள்ளே சேர்ந்துவிடும். நிறை டேங்கில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. வெயிலில் காய்ந்த டேங்கின்மேல் அலை அடித்து உள்காற்று 40 டிகிரியிலிருந்து 30-க்குக் குளிர்ந்தால், அதனாலேயே அழுத்தம் நூற்றுக்கு 3 பங்கு குறையும். நம் 24-இல் 1 பங்கோடு ஒப்பிட்டால் அது சிறிய அளவன்று. கடல் கொந்தளிக்கும் நாளில்தான் எஞ்சின் காலை வாரும் என்று மீனவர்கள் குறைப்பட்டால், அதை வெறும் மனக்கலக்கம் என்று ஒதுக்க நான் துணியமாட்டேன்.

நின்று நின்று ஓடும் எல்லா எஞ்சினுக்கும் மூடித் துளையே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. டீசலோடு காற்று கலப்பது மற்றொரு காரணம். நம் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுழல்வதாகக் கொண்டால், நாலடிப்பு எஞ்சின் ஆதலால் நாசில் நிமிடத்துக்கு 750 முறை டீசலைப் பீய்ச்சும். மணிக்கு 45,000 முறை. 2 லிட்டரை இதனால் வகுத்தால் ஒரு முறைக்கு 0.044 மில்லிலிட்டர், அதாவது ஒரு சொட்டுக்கும் சற்றுக் குறைவு! இந்தச் சொட்டை ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்துக்குத் தள்ளினால்தான் நாசில் திறக்கும். பம்பின் அறைக்குள் ஒரு சொட்டளவு காற்றுக்குமிழி புகுந்துவிட்டால், பம்பு எவ்வளவு அமுக்கினாலும் குமிழிதான் சுருங்கும், நாசில் திறக்காது.

டேங்க் பம்புக்குக் கீழே இருக்கும் படகுகளில் இந்தத் தொல்லை மிகுதி. அங்கே டீசலை மேலே உறிஞ்ச வேண்டியிருப்பதால் குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே கசியாது. காற்று உள்ளே புகும். வெளியே ஒரு துளி ஈரமும் இராது. "குழாயெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிடுவோம்!

விசைப்படகுகளுக்கு இன்னொரு ஆபத்துக் காலம் உண்டு. தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2017-க்கு முன் இது 45 நாளாக இருந்தது. இரண்டு மாதம் சும்மா நிற்கும் டேங்க் பகலில் சூடாகிக் காற்றை வெளியே விடும். இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். ஈரம் நீராகப் படிந்து அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான கசடு உண்டாகும். துறைமுகத்தில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிக்கடலில் படகு ஆடும்போதுதான் அடிக்கசடு கலங்கி வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் நின்றதும் இழுப்பு நின்று கசடு சற்று விலகும், மீண்டும் கிளப்பினால் ஓடும், மீண்டும் நிற்கும். தடை முடியும் நாள்களே தென்மேற்குக் காற்று வலுக்கும் நாள்களும் ஆகும் என்பதைக் கவனியுங்கள்.

இவற்றை எப்படிப் பிரித்தறிவது? ஸ்பானரைத் தொடுவதற்கு முன், கிளம்பியதிலிருந்து எத்தனை நிமிடத்தில் நின்றது, அப்போது டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது என்று பத்து நாள் குறித்து வைப்பது பாதி வேலையை முடித்துவிடும். நின்றவுடன் மூடியைத் திறக்க வேண்டும். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டு, எஞ்சினும் உடனே கிளம்பினால் அடைப்பு மூடியில். ஓசை இல்லையேல் வடிகட்டியின் அடியிலிருந்து சிறிது டீசலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து அசையாமல் வைத்தால், நீர் இருந்தால் கீழே தனிப் படலமாகத் தெரியும். புகையையும் பார்க்க வேண்டும். எரிபொருள் கிடைக்காத எஞ்சின் வேகம் ஏறி இறங்கி, அதிகப் புகையின்றி அடங்கும். கரும்புகை கக்கித் திணறினால் டீசலுக்குக் குறைவில்லை. விசிறியில் வலையோ கயிறோ சுற்றியிருக்கலாம், அல்லது காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். மூடியைத் திறந்து பார்க்கும் சோதனை டீசலுக்கு மட்டுமே உரியது. பெட்ரோல் எஞ்சினில், சூடான புகைக்குழாய்க்கு அருகே, அதைச் செய்யவே கூடாது.

மாணவர் அன்று மாலையே வீட்டுக்குத் தொலைபேசினார். மறுநாள் நிறை டேங்கோடு போய், எஞ்சின் நின்றதும் கட்டை அவிழ்த்து மூடியைத் திருகினார்களாம். ஓசை கேட்டது, எஞ்சினும் கிளம்பியது. ஆனால் பாலிதீன் தாளை எடுத்துவிட்டால் அலைத்தண்ணீர் உள்ளே போகுமே? ஒரு சாண் நீளச் செம்புக் குழாயைக் கொக்கின் கழுத்துப்போல் வளைத்து, வாய் கீழ்நோக்கி இருக்குமாறு மூடியில் பொருத்தச் சொன்னேன். காற்று போய்வரும், தெறிக்கும் நீர் ஏறாது.

என் மாமாவின் மூடித் துளையில் மறு ஆண்டும் குளவி மண் வைத்தது. அதற்குப் பிறகு அவர் துளையின்மேல் ஒரு துண்டு கொசுவலைக் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டார்.