பொம்மையாக நின்ற பெண்

நாடகம் பார்க்கப் போகிறோம். மேடையில் நடிக்கிறார்கள். நாம் கீழே உட்கார்ந்து பார்க்கிறோம். பிடித்தால் கை தட்டுகிறோம். பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடுகிறோம்.

ஆனால், பார்க்க வந்தவர்களே நாடகத்தை நடத்தினால் என்ன ஆகும்?

1974-ம் ஆண்டில் இத்தாலி நாட்டில், நேப்பிள்ஸ் நகரில் அப்படி ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர் மரினா அப்ரமோவிச் என்ற பெண் கலைஞர். பெல்கிரேடு நகரில் 1946-ல் பிறந்தவர்.

72 பொருள்கள்

ஒரு கலைக்கூடம். அங்கே ஒரு மேஜை. அதன் மேல் 72 பொருள்கள். ரோஜாப்பூ, இறகு, தேன் எல்லாம் இருந்தன. கத்தரிக்கோல், கத்தி, துப்பாக்கி, அதற்கு ஒரு குண்டு ஆகியவையும் இருந்தன.

இவற்றை என் மீது இஷ்டம்போல் பயன்படுத்தலாம், பொறுப்பு என்னுடையது என்று மரினா எழுதி வைத்தார். பிறகு 6 மணி நேரம் பேசாமல், எதிர்க்காமல் நின்றார்.

முதலில் எல்லோருக்கும் கூச்சம். ஒருவர் பூவைக் கொடுத்தார். நேரம் ஆக ஆகக் கூச்சம் போய்விட்டது. கேட்பாரும் இல்லை, தடுப்பாரும் இல்லை. ஆடையை வெட்டினார்கள். ரோஜா முள்ளால் குத்தினார்கள். ஒருவர் கழுத்தைக் கீறினார். மரினாவின் கண்களில் நீர் வழிந்தது. அதைத் துடைத்துவிட்டவரும் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்.

கடைசியில் ஒருவர் துப்பாக்கியில் குண்டைப் போட்டு, மரினாவின் கையிலேயே கொடுத்து, அவரை நோக்கியே திருப்பினார். மற்றவர்கள் தடுத்தார்கள். கூட்டத்தில் சண்டை மூண்டது.

ஓடிவிட்டார்கள்!

6 மணி நேரம் முடிந்தது. மரினா கூட்டத்தை நோக்கி நடந்தார். உடனே எல்லோரும் வெளியே ஓடிவிட்டார்கள்! பொம்மை என்று எண்ணிக் குத்தியவர்களால் மனுஷியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாற்காலி

36 ஆண்டுகள் கழிந்தன. 2010-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மரினா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே இன்னொரு நாற்காலி. யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பேசக்கூடாது, தொடக்கூடாது. முகத்தைப் பார்க்கலாம். அவ்வளவுதான்!

மார்ச் 14 முதல் மே 31 வரை, 700 மணி நேரத்துக்கு மேல் அவர் அப்படி உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். எதிரே உட்கார்ந்த பலர் தேம்பி அழுதார்கள்.

ஜனங்கள் எங்கும் ஜனங்கள்தான். நேப்பிள்சில் பொருளாகப் பார்த்தார்கள், துன்புறுத்தினார்கள். நியூயார்க்கில் முகத்தைப் பார்த்தார்கள், உருகினார்கள்.

தெருவில் ஒருவரைப் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டால் நாம் என்ன செய்வோம்? குத்துவோமா, வேடிக்கை பார்ப்போமா, கண்ணீரைத் துடைப்போமா? பதில் நம் கையில்தான் இருக்கிறது.