கறை போக்கலாம், கலத்தையும் காக்கலாம்

எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டி இன்று நம் இல்லங்கள் சிலவற்றிலும் இடம் பெற்றுள்ளது. பிரான்சு நாட்டின் வடபகுதியில் 1925-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற லெ குருசே நிறுவனம் இவ்வகைக் கலங்களுக்குப் பெயர் பெற்றது. விலைமிகுந்த சட்டியின் வெண்ணிற உட்புறம் மஞ்சளும் எண்ணெயும் படிந்து பழுப்பேறக் கண்டதும், பித்தளைக் குடத்தைத் துலக்குவதுபோல் மணலிட்டுத் தேய்க்க முற்படுகிறோம். இது தவறு.

எனாமல் என்பது வெறும் வண்ணப்பூச்சன்று, அது கண்ணாடியே. கண்ணாடித் தூளை இரும்பின்மீது பூசி, ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வெப்பத்தில் உருக்கிப் படியவைக்கின்றனர். மணலோ கண்ணாடியினும் கடினமானது. அது பட்ட இடமெல்லாம் கீறல் விழும். கீறலில் கறை மேலும் எளிதாய்ப் பற்றும். இரும்பு நாரும் ஆகாது. சமையல் சோடா கண்ணாடியினும் மென்மையானது, ஆதலால் கீறாது.

முதலாவதாக, சட்டி தானாக ஆறட்டும். சூடான கலத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் எனாமல் வெடிக்கக்கூடும். பின்னர் 1 லிட்டர் நீரில் 2 மேசைக்கரண்டி சோடாவைக் கரைத்து, இளந்தீயில் சில நிமிடங்கள் கொதிக்கவிடுக. அடிப்பற்றியதை மரக் கரண்டியால் மெல்லத் தள்ளுக. ஆறியபின் மென்மையான துணியால் கழுவுக. மஞ்சட்கறை சோடா பட்டுச் சிவந்து தோன்றினால் அஞ்ச வேண்டாம். அது மஞ்சளின் இயல்பு. எஞ்சிய மஞ்சள் நிறம் வெயிலில் வைக்க வைக்க மங்கும். எனாமல் பூசாத விளிம்பு இருப்பின், துருப்பிடியாதபடி ஈரம் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவுக.

ஓர் எச்சரிக்கை: கறை விரைவில் நீங்கும் என்றெண்ணிப் பிளீச்சிங் பவுடருடன் எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ ஒருபோதும் கலத்தலாகாது. குளோரின் என்னும் நச்சுவாயு எழும்.

இத்தனைக்குப் பின்னும் இலேசான பழுப்பு நிறம் எஞ்சுமாயின், அதனை அழுக்கென்று எண்ணி இல்லத்தரசியர் மனம் வருந்த வேண்டுவதில்லை; உணவுக்கு அதனால் கேடில்லை. ஆனால் உட்புறத்தில் எனாமல் சில்லாகப் பெயர்ந்திருந்தால், எத்துணை விலை கொடுத்து வாங்கியதாயினும் அச்சட்டியில் சமைப்பதை அன்றே நிறுத்துக. பழுப்பு நிறம் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யாது. சோற்றில் கலந்த கண்ணாடிச் சில்லு செய்யும்.